சாய்த்தால் மின்னும் பருந்து

அவளுக்கு மினுக்கி என்று பேர் வைத்தது அண்ணன். சாக்லேட் சுற்றிய தாளைக்கூடத் தூக்கிப் போடாமல் வெயிலில் ஆட்டி ஆட்டிப் பார்க்கிற பிள்ளைக்கு வேறு என்ன பேர் வைப்பது? வளர்ந்து, அச்சகத்தில் படங்களை ஸ்கேன் செய்யும் வேலை பார்த்து, கல்யாணமாகி, விளையாட்டு அட்டைகள் போடும் ஒரு கம்பெனியில் சேர்ந்த பிறகும் அந்தப் பேர் அவளை விடவில்லை.

கம்பெனியின் பெருமையே தகடு ஒட்டிய அட்டைகள்தான். கையில் எடுத்துச் சாய்த்தால் அட்டையில் அச்சிட்ட பருந்தின் இறக்கை பச்சையிலிருந்து ஊதாவுக்கு ஓடும். சேகரிக்கிறவர்கள் அதற்காக அடித்துக்கொள்வார்கள். அதே அட்டைகளைக் கைபேசி விளையாட்டிலும் கொண்டுவர முடிவானபோது வந்தது வினை. ஸ்கேனரில் வைத்தால் பருந்து கரி அப்பிய காக்கையாக வந்தது.

"மேல ஒரு வானவில்லப் பூசி ஆட விட்டுடுங்க. யாருக்குத் தெரியப் போகுது?" என்றார் மேலாளர்.

அப்படியே பூசி வெளியிட்டார்கள். எல்லாருக்கும் தெரிந்தது. வாங்கியவர்கள் கழுவிக் கழுவி ஊற்றினார்கள். மினுக்கிக்கு மானம் போனது போலிருந்தது. பூசியது அவள் கைதானே. "ஒரே ஒரு அட்டைய என் போக்குல செஞ்சு பாக்கறேன் சார்" என்று கேட்டு, பருந்தை வீட்டுக்கு எடுத்து வந்தாள்.

ஸ்கேனர் விளக்கு எப்போதும் ஒரே பக்கமிருந்து விழும். தகட்டுக்கோ ஒவ்வொரு பக்கத்து வெளிச்சத்துக்கும் ஒவ்வொரு முகம். ஆகவே கேமராவும் அட்டையும் அசையாமல், விளக்கு மட்டும் சுற்றி வர வேண்டும். சாமான் அறையின் ஜன்னலைக் கறுப்புத் துணியால் அடைத்தாள். அட்டைக்குப் பக்கத்தில் கண்ணாடி போல மின்னும் ஒரு இரும்பு பேரிங் குண்டை வைத்தாள். அதில் தெரியும் ஒளிப்புள்ளியைப் பார்த்தே விளக்கு எங்கே இருந்தது என்று கணக்கிட்டுவிடலாம். விளக்கைப் பிடிக்கத்தான் ஆள் வேண்டும். கணவனைக் கூப்பிட்டாள். அவன் கை ஓரிடத்தில் நிற்கவில்லை. போதாததற்குத் தும்மல் வேறு.

"தள்ளுடா" என்று மகனை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார் மாமியார். வேலை பார்த்த காலமெல்லாம் குழந்தைகளுக்கு ஊசி போட்ட நர்ஸ் கை. ஆணி அடித்தது போல நின்றது.

"ஏம்மா, கல்யாணப் பொண்ணக்கூட இத்தன பக்கம் சுத்திப் படம் எடுக்க மாட்டாங்களே!"

"கொஞ்சம் தாழ்த்துங்க அத்தை. இன்னும். ஆங், அங்கயேதான்!"

"அட, இப்ப ஊதாவாயிடுச்சு பாரு!" அதற்குப் பிறகு அவரை அந்த அறையிலிருந்து கிளப்ப முடியவில்லை.

தகட்டின் ஒவ்வொரு புள்ளியும் எந்தப் பக்கம் முகம் திருப்பியிருக்கிறது, எங்கே மை தடித்து மினுக்கத்தை மறைக்கிறது, எந்த நுண்கோடுகள் வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரிக்கின்றன என்று படம் படமாகப் பார்த்துக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்தாள். முதலில் பருந்து ஏறுக்குமாறாக மின்னியது: இடப்பக்கம் சாய்த்தால் வலப்பக்கம் ஒளிர்ந்தது. கணக்கில் ஒரு கழித்தல் குறி காலை வாரியிருந்தது. அதைத் திருத்தினாள்.

மேலாளர் கைபேசியைச் சாய்த்தார். இறக்கை ஓரமாக ஒளி நழுவி ஓடி, கழுத்தில் அணைந்து கறுத்தது. உண்மை அட்டையை மறு கையில் எடுத்து இரண்டையும் சேர்த்துச் சாய்த்தார். பிறகு, பழக்க தோஷம், "இன்னும் கொஞ்சம் பளபளப்பு ஏத்தலாமா? இப்படி அணையாம?" என்றார்.

"எப்பவும் எரிஞ்சா அது பல்பு சார். தகடு அணையும்."

சொன்ன பிறகுதான் தன் குரல் உயர்ந்திருந்தது அவளுக்கே தெரிந்தது. மேலாளர் சிரித்துவிட்டார். "சரிம்மா, பல்பு வாங்கினது நான்தான். உன் இஷ்டப்படியே விடு."

பருந்து வெளியானது. திட்டியவர்களில் ஒருவரே தன் அட்டையையும் கைபேசியையும் பக்கத்தில் வைத்து வீடியோ எடுத்துப் போட்டார். எது அசல் என்று ஊர் பேர் தெரியாதவர்களெல்லாம் பந்தயம் கட்டினார்கள். மீதி அட்டைகள் மொத்தமும் மினுக்கியின் பொறுப்புக்கு வந்தன.

அன்று சாயங்காலம் காய்கறிப் பையோடு லிஃப்டில் ஏறினால், உள்ளே மாமியார் கீழ் மாடிக்காரர் ஒருவரிடம் கைபேசியை நீட்டிக்கொண்டிருந்தார்.

"அப்படி ஆட்டக் கூடாதுங்க, மெதுவா சாய்க்கணும். என் மருமக செஞ்சது. இவதான்."

மினுக்கி தலையை நிமிர்த்தி நின்றாள். சிரிப்பை அடக்கவும் முயலவில்லை. தன் மாடி வந்து கதவு திறந்தும் அந்த மனிதர் இறங்காமல் பருந்தைச் சாய்த்துக்கொண்டே நின்றார்.