முழங்காலில் இரண்டு தட்டு

திண்டிவனத்தில் பஸ் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒடிசலான மனிதர், சட்டையெல்லாம் சிமெண்டுப் புள்ளிகள், மடியில் இரண்டு வயது மகள். அவருக்குப் பேச்சு திக்கும். திக்கும்போது முழங்காலை இரண்டு தட்டுத் தட்டுவார். அப்புறம்தான் வார்த்தை இறங்கி வரும்.

"வீட்ல பே... பேசிப் பேசிக் கத்துக்குடுங்கன்னு பால்வாடி டீச்சர் சொல்லிச்சு சார். நான் பேசுனா என்னமாரியே ஆய்டுமேன்னு வாயப் பொத்திக்கினு கெடக்கறேன். நீங்க சொல்லிக்குடுங்களேன், நல்லாப் பேசறீங்க."

ஜன்னலுக்கு வெளியே அவர் விரல் நீட்ட நீட்ட, நான் சொல்லிக்கொண்டே வந்தேன். பனமரம். லாரி. ஏரி. குழந்தை என்னைப் பார்க்கவேயில்லை, அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

கூட்டேரிப்பட்டு தாண்டி ஒரு மாடு நின்றது. "மாடு" என்றேன்.

குழந்தை தன் குட்டி முழங்காலை இரண்டு தட்டுத் தட்டியது. பிறகு துளியும் திக்காமல், "மாடு" என்றது.

"பாத்தீங்களா, எவ்ளோ அழகா சொல்லிட்டா!" என்றேன்.

அவர் அந்தச் சின்னக் கையை எடுத்துத் தன் கைக்குள் இறுக்கிப் பொத்திக்கொண்டார். அதன்பின் ஆடு வந்தது, ரயில் வந்தது. குழந்தை வாயே திறக்கவில்லை.

விழுப்புரத்தில் இறங்கும்போதும் கையை விடவில்லை அவர். 'விட்ருங்க, தட்டட்டும்' என்று சொல்லத்தான் நினைத்தேன். நல்லாப் பேசுகிற எனக்கு வார்த்தை வரவில்லை.