ஆறு வீட்டுக்கு ஒரு கூரை

வாய் நிறையக் குண்டூசிகளை வைத்துக்கொண்டு கொன்ஸ்ரன்ஸ் கதைத்துக்கொண்டிருந்தாள். மணப்பெண் டிலக்ஷியின் இடுப்பைச் சுற்றி வெள்ளைச் சாட்டினை இழுத்துப் பிடித்து, உதட்டிலிருந்து ஒவ்வோர் ஊசியாக உருவிக் குத்தினாள். கதை மட்டும் நிற்கவில்லை. "மூச்ச உள்ளுக்கு இழுக்காதீங்க மகள். கல்யாணத்தண்டைக்கு முழு நாளும் இப்பிடியேவா நிப்பீங்க?" இடையிடையே தலையை நிமிர்த்தி மேலே பார்த்துக்கொண்டாள். சீலிங் பலகையில் ஈரம் ஊறியிருக்கிறதா என்று பார்க்காமல் அவள் வெள்ளைத் துணியை விரிப்பதே இல்லை.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் பேராலய மணியோசை விழுகிற ஒழுங்கை ஒன்றில் அவளுடைய வீடு. கோயிலில் முதன்முதலாகப் புதுநன்மை வாங்கும் பிள்ளைகளுக்குச் சட்டை, மணப்பெண்களுக்குக் கவுண், நெட், லேஸ் என்று வருடம் முழுவதும் அவளுடைய கையில் வெள்ளைதான். ஆட்களின் பெயர் அவளுக்கு நினைவில் நிற்பதில்லை. அளவு நிற்கும். "யாரு, அந்தத் தோள் இறங்கின பிள்ளையா?" என்பாள், பத்து வருடத்துக்கு முன் தைத்துக் கொடுத்தவளைப் பற்றி. கப்பலுக்குப் போன கணவர் போன இடத்திலேயே குடும்பமாகிவிட்டார். அதைக்கூட, "அவருக்கு அங்க நல்லாப் பொருந்திட்டுது" என்று ஒரு தையற்காரியின் சொல்லில் முடித்துவிடுவாள். மகள் ரொஷேல் கோட்டையில் வேலைக்குப் போகிறாள். பேய், பிசாசுக் கதையை யாராவது எடுத்தால் கொன்ஸ்ரன்ஸுக்குப் பொறுக்காது. "அதெல்லாம் வேலை இல்லாத ஆக்களுக்கு. எனக்கு ஓடர் இருக்கு."

அந்த ஒழுங்கையின் ஆறு வீடுகளும் ஒரே வரிசையில் தோளோடு தோள் ஒட்டி நிற்பவை. முன்னொரு காலத்து முதலாளி தன் கிளாக்கர்மாருக்காகக் கட்டியது. வீட்டுக்கு வீடு நடுச்சுவர் சீலிங் மட்டத்தோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேலே சுவரே இல்லை. ஒரு தொங்கலிலிருந்து மறு தொங்கல் வரை ஓட்டுக்கூரையின் கீழே ஒரே இருட்டு வெளி. ஒரு வீட்டில் இருமினால் மூன்றாம் வீட்டின் தலைக்கு மேலே கேட்கும். வீடுகளைத் தனித்தனியாக எழுதிக் கொடுத்தபோது கூரையை மட்டும் பிரிக்க முடியவில்லை. அதனால் ஒழுங்கைக்கு ஒரு சங்கம் இருக்கிறது. கூரையில் கை வைப்பதென்றால் ஆறு வீட்டுக்காரரும் சங்கக் கூட்டத்தில் கை உயர்த்த வேண்டும். ஒரு கை குறைந்தாலும் ஓட்டைத் தொட முடியாது.

ஒழுகுகிற பழைய ஓட்டைக் கழற்றித் தகடு போட ஐந்து கைகள் உயர்ந்துவிட்டன. உயராத கை நாகேந்திரத்தாருடையது.

நாகேந்திரம் யாழ்ப்பாணத்துக்காரர். திணைக்களமொன்றில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். கொன்ஸ்ரன்ஸுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். கொரோனா காலத்தில் ஒரு மத்தியானம் அவருடைய மனைவி கௌரியை அம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிறகு பெட்டிதான் வந்தது, அதுவும் வீட்டுக்கு வரவில்லை. மூடி திறக்கப்படாமலே தீயில் போனது. தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தவர், அதற்குப் பிறகு ஒழுங்கையில் யாரோடும் நின்று கதைத்ததில்லை. சங்கத் தலைவர் பேர்னாட், துறைமுகத்தில் அதட்டிப் பழகிய மனுசர், மூன்று கூட்டங்களில் கேட்டுப் பார்த்தார். "கூரை இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு நாகேந்திரம் எழுந்து போய்விட்டார்.

காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தவள் ரொஷேல். "அம்மா, அந்த அங்கிளுக்கு மேல சத்தம் கேக்குதாம். ஆன்ட்டி நடக்கிறாவாம்."

கொன்ஸ்ரன்ஸுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பின் அடியில் கொஞ்சம் குற்ற உணர்ச்சியும் இருந்தது. அவளுடைய மெஷின் கால்மெஷின். மிதிக்கும்போது அதன் பட்டி உராய்ந்து இழுபடும். மேலே திறந்த வெளி. பாவம், மனுசர் அவளுடைய மெஷினைக் கேட்டுக்கொண்டல்லவா இத்தனை நாளும் இருந்திருக்கிறார். நேரில் போய்ச் சொன்னால் தீர்ந்துவிடும் என்று நினைத்தாள்.

மறுநாள் பின்னேரம் வீட்டைப் பூட்டித் திறப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனாள். ரொஷேல் வேலைக்குப் போயிருந்தாள். வீட்டில் யாரும் இல்லை. நாகேந்திரம் கதவைத் திறந்தார். வந்தவளை இருக்கச் சொல்லிப் பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தார். வீடு சுத்தமாக இருந்தது. சுவரில் கௌரியின் படம் இருந்தது, ஆனால் அதற்கு மாலை போடப்படவில்லை.

"அங்கிள், தப்பா நினைக்காதீங்க. மேல கேக்கிற சத்தம் என்ட மெஷின். பின்னேரத்திலதான் நான் நீட்டுத் தையல் எல்லாம் அடிக்கிறனான்."

அவர் மறுக்கவில்லை. "இரும் பிள்ளை. தேத்தண்ணியைக் குடியும்" என்றார்.

கோப்பை பாதியாவதற்குள் அது கேட்டது.

முன்கதவுக்கு நேரே மேலே தொடங்கியது. தேய்ந்த செருப்பை இழுத்து இழுத்து வைக்கிற சத்தம். அவசரமில்லாமல் அவர்களுடைய தலைக்கு மேலாக வந்து, நடு அறையைத் தாண்டி, குசினிக்கு மேலே போய் நின்றது. கொன்ஸ்ரன்ஸ் தன் மெஷினை முப்பது வருடமாக மிதிக்கிறாள். அதன் ஒவ்வொரு முனகலும் அவளுக்குத் தெரியும். இது அதல்ல. திறப்பை உள்ளங்கைக்குள் இறுக்கிக்கொண்டாள்.

"மரநாயா இருக்கும் அங்கிள். இந்தப் பக்கம் எல்லாக் கூரையிலயும் இருக்கு."

"மரநாய்க்கு நாலு கால் பிள்ளை."

குசினிக்கு மேலே சத்தம் இன்னும் அசையாமல் நின்றது. நாகேந்திரம் அந்தப் பக்கம் பார்க்கவும் இல்லை. "உப்புப் பாக்கிறா" என்றார், அடுத்த அறையில் இருக்கிறவளைப் பற்றிச் சொல்வதுபோல. "இப்ப திரும்பி வருவா. நீர் சொல்லும், நான் இதைத் திறக்கக் கை தூக்கவோ?"

மிச்சத் தேநீரைக் குடிக்காமலே கொன்ஸ்ரன்ஸ் எழுந்தாள். அன்று மெஷினில் உட்காரவில்லை. ஏன் அம்மா தைக்கவில்லை என்று ரொஷேல் கேட்டதற்கு, "தலையிடி" என்றாள்.

அதற்குப் பிறகு கூரைக் கதையை அவள் எடுக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் பேர்னாட் வழக்குப் போடுவோம் என்று நின்றபோதும், "பொறுங்க பேர்னாட் அய்யே, வயசான மனுசர்" என்று அவள்தான் அடக்கினாள். எல்லாரையும் விட அவசரப்பட்டவள் இப்படிச் சொன்னது மற்றவர்களுக்கு விளங்கவில்லை. யாரிடமும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தானும் வேலை இல்லாத ஆட்களின் கணக்கில் சேர்ந்துவிடுவாளே.

மழை பொறுக்கவில்லை. ஐப்பசி மழை ஒரு நாள் விடாமல் அடித்துவிட்டுப் போன காலையில், தைத்து முடித்துத் தொங்கவிட்டிருந்த டிலக்ஷியின் கவுணில், மார்பிலிருந்து பாவாடை விளிம்பு வரை, மண்ணிறத்தில் ஒரு கோடு இறங்கியிருந்தது. பழைய ஓட்டின் புழுதியும் பலகையின் சாயமும் கலந்த தண்ணீர். கல்யாணத்துக்கு ஒரு கிழமைதான் இருந்தது. கொன்ஸ்ரன்ஸ் அழவில்லை. தேசிக்காய்ப் புளி போட்டுப் பார்த்தாள், சவர்க்கார நுரையில் ஊறவைத்துப் பார்த்தாள். கோடு வெளிறியது, போகவில்லை. வெயில் எட்டிப் பார்த்த நேரம் பார்த்து ஒழுங்கையில் கொடி கட்டி, அந்த வெள்ளைக் கவுணைத் தோளிரண்டிலும் கிளிப் போட்டுத் தொங்கவிட்டாள். ஆள் இல்லாத கல்யாண உடுப்பு கடற்காற்றில் உப்பி உப்பி ஆடியது.

யாரோ அதன் விளிம்பைப் பிடித்திருப்பதைக் கண்டு வெளியே வந்தாள். நாகேந்திரம்.

"இது எங்கடை கூரைத் தண்ணியோ?"

பொய் சொல்ல வாய் வந்தது. "ஓம் அங்கிள்" என்றாள்.

அவர் விரலால் அந்தக் கோட்டை மேலிருந்து கீழே தடவினார். பிறகு அவளைப் பார்க்காமலே சொன்னார்: "இவ்வளவு தண்ணி இறங்குதெண்டால், மேலை அவவும் நனைஞ்சுகொண்டுதானே இருக்கிறா. கௌரிக்கு நெஞ்சு சரியில்லை. அது எனக்கு யோசிக்கத் தோன்றேல்லை பார்த்தீரே."

அந்த ஞாயிறு, பூசை முடிந்து வந்து பேர்னாட்டின் விறாந்தையில் கூடியபோது நாகேந்திரம் யாரும் கேட்கும் முன்பே கையை உயர்த்தினார். உயர்த்திய கையை இறக்காமலே இரண்டு விடயம் சொன்னார். தன் வீட்டுக்கு மேலே கடைசியாகத்தான் திறக்க வேண்டும். திறக்கிறபோது தையல் பிள்ளை தன் பக்கத்தில் நிற்க வேண்டும். பேர்னாட் சந்தோசத்தில் எல்லாவற்றுக்கும் சரி என்றார். அவர் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தார். கூரையைத் திறக்கிற கையோடு வீட்டுக்கு வீடு நடுச்சுவரையும் தகடு முட்ட உயர்த்திவிட வேண்டும், நாளைக்கு ஒரு வீட்டில் நெருப்புப் பிடித்தால் ஆறும் போய்விடும். அதற்கும் எல்லாக் கைகளும் உயர்ந்தன.

கவுணின் முன்பக்கத்தை வெட்டி எடுத்துப் புதுத் துண்டு வைத்துத் தைத்து, அதன்மேல் லேஸ் ஓடவிட்டு, கொன்ஸ்ரன்ஸ் கல்யாணத்தை ஒப்பேற்றினாள். டிலக்ஷி முன்னதைவிட இது வடிவு என்றாள்.

மழை விட்டதும் வேலை தொடங்கியது. கூரை வேலைக்கு வந்த தச்சுப் பாஸ் வத்தளைப் பக்கத்துச் சிங்களவர். அவரும் ஆட்களும் ஒரு தொங்கலிலிருந்து ஓட்டைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். கழற்றக் கழற்ற, நூறு வருடமாக இருட்டாகக் கிடந்த இடத்தில் வெயில் விழுந்தது. கரி, தூசி, புறாச் செட்டை, யாரோ எறிந்த ரப்பர் பந்து. கணுக்கால் புதையும் புழுதி. கொன்ஸ்ரன்ஸ் தன் வீட்டுக்கு மேலே ஏறிப் பார்த்தாள். புழுதி மேல் மரநாயின் கால்தடம் பதிந்திருந்தது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. அதை நாகேந்திரத்திடம் போய்ச் சொல்லவும் நினைத்தாள்.

நாகேந்திரத்தின் கூரையைத் திறந்தபோது மேலே வேலைச் சத்தம் நின்றது. பாஸ் கீழே எட்டிப் பார்த்து, "மேக கவுத அதுகாலா தியென்னே?" என்று கேட்டார். இதை யார் கூட்டி வைத்திருக்கிறார்கள் என்று.

நாகேந்திரத்தின் பக்கத்தில் நின்ற கொன்ஸ்ரன்ஸ் ஏணியில் ஏறினாள். அங்கேயும் அதே கணுக்கால் புழுதிதான். ஆனால் அதன் நடுவே, முன்கதவுக்கு மேலிருந்து குசினிக்கு மேல் வரை, ஓர் ஆள் நடக்கிற அகலத்தில் பலகை துடைத்து வைத்ததுபோலப் பளபளத்தது. குசினிக்கு மேலே, நிற்கிற இடத்தில், அந்தத் துடைப்பு வட்டமாக அகன்றிருந்தது. மரநாயின் தடங்கள் அந்தப் பாதையின் விளிம்பு வரை வந்து, திரும்பிப் போயிருந்தன.

"உகுடுவா" என்றாள் அவள், மரநாய் என்று. தன் குரலைத் தானே நம்பவில்லை.

பாஸ் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சுத்தியலை எடுத்தார். ஆனால் அன்று மாலை வரை அவருடைய ஆட்களில் ஒருவன்கூட அந்தப் பாதையில் கால் வைக்கவில்லை. இந்தப் பக்கத்து வளைமரத்தில் ஒரு கால், அந்தப் பக்கத்து வளைமரத்தில் ஒரு கால் என்று அகட்டி அகட்டி நின்றே தகடு அடித்தார்கள். கீழே இறங்கி வந்தவளிடம் நாகேந்திரம், "நனைஞ்சிருக்கோ?" என்று மட்டும் கேட்டார்.

"இல்ல அங்கிள். காஞ்சு போய் இருக்கு."

நடுச்சுவர்கள் உயர்ந்தன. ஆறு வீட்டுக்கும் மேலே புதுத் தகடு வெயிலில் கண் கூசியது. அடுத்த பெருமழைக்குத் தகடு பறை அடித்ததுபோல் அதிர்ந்தது, ஒரு துளி உள்ளே இறங்கவில்லை. கொன்ஸ்ரன்ஸ் மெஷின் மிதித்தால் சத்தம் அவளுடைய வீட்டுக்குள்ளேயே சுற்றியது. யாருடைய இருமலும் யாருக்கும் கேட்கவில்லை. நல்லதுதான் என்று எல்லாரும் சொன்னார்கள். அவளுக்கு மட்டும், ஒரு மனுசருடைய வீட்டை நாம் ஊமையாக்கிவிட்டோமோ என்று உள்ளே குத்திக்கொண்டிருந்தது.

ஒரு பின்னேரம் மரக்கறிப் பற்றிஸ் பொரித்து எடுத்துக்கொண்டு போனாள். நாகேந்திரம் முகம் சவரம் செய்து, வெள்ளைச் சாரம் உடுத்திச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவருடைய முன்னறை ஒடுக்கமானது. எதிரெதிரே இருவர் கதிரை போட்டு உட்கார்ந்தால், முழங்கால்களுக்கு நடுவே ஓராள் ஒதுங்கிப் போகத்தான் இடம் இருக்கும்.

பற்றிஸை ஒரு கடி கடித்து, உறைப்பு அளவாக இருக்கிறது என்றார். கொன்ஸ்ரன்ஸ் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். முடியவில்லை.

"அங்கிள், இப்ப மேல ஏதும் கேக்குதா?"

"இல்லைப் பிள்ளை. மேலை ஒண்டும் இல்லை." அவர் குரலில் துக்கம் இருக்கவில்லை. "இனி என்னத்துக்கு அவ மேலை? இருட்டும் புழுக்கமும்."

அவர் முன்கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, நீட்டியிருந்த கால்களை மடக்கிக் கதிரைக்கு உள்ளே இழுத்துக்கொண்டார். பஸ்ஸில் ஒருவருக்கு வழி விடுகிற மாதிரி. ஓர் ஆள் கடந்து போகிற நேரம் அப்படியே இருந்தார். பிறகு கால்களை நீட்டிவிட்டு, மிச்சப் பற்றிஸை எடுத்தார்.

குசினிக்குள் ஒரு சத்தமும் இல்லை. ஒழுங்கையில் யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தார்கள். நாகேந்திரம் டிலக்ஷியின் கல்யாணம் எப்படி நடந்தது என்று கேட்டார். கொன்ஸ்ரன்ஸ் சொல்லத் தொடங்கினாள். கேக், பாண்ட் வாத்தியம், மாப்பிள்ளையின் தோள் அளவு. சொல்லிக்கொண்டிருக்கையில் அவர் தலையைக் குசினிப் பக்கம் திருப்பி, மறுபடியும் கால்களை மெல்ல உள்ளே இழுத்தார்.

கதையை நிறுத்தாமலே கொன்ஸ்ரன்ஸ் தன் பாவாடை விளிம்பைக் கையால் கூட்டிப் பிடித்து, முழங்கால்களை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டாள்.