கோட்டுக்கு மேலே ஒன்பது ரூபாய்

எழுபதுகளின் கடைசியில் என் அக்கா கைக்குழந்தையோடு பிரான்சுக்குப் புறப்பட வேண்டியிருந்தது. அவள் புருஷன் பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாய். எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. ஜனவரியில் வந்துவிடு, கனமான கம்பளிக் கோட்டு ஒன்று கட்டாயம் எடுத்து வா, இங்கே புதிதாக வாங்கினால் ஒரு மாதச் சம்பளம் போய்விடும் என்று அவர் எழுதியிருந்தார்.

புதுச்சேரியில் கம்பளிக் கோட்டுக்கு எங்கே போவது? மார்கழியில்கூட எங்கள் வீட்டில் போர்வை கால்மாட்டில்தான் கிடக்கும். நேரு வீதியில் நான்கு கடை ஏறி இறங்கினோம். ஒரு கடைக்காரர் சிரித்தேவிட்டார். கடைசியில் ஒரு வாரப் பத்திரிகையின் மூலையில் அந்த விளம்பரம் என் கண்ணில் பட்டது. ஊட்டி முகவரி. 'உபயோகித்த கம்பளிக் கோட்டுகள், நல்ல நிலையில். ஐம்பது ரூபாய், தபால் செலவு உட்பட. வி.பி.பி.யில் அனுப்பப்படும்.' பார்சல் வரும்போது தபால்காரரிடம் பணத்தைக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். அப்பாவுக்கு அது பிடித்திருந்தது. மில்லில் நெசவுப் பிரிவில் இருந்தவர் அவர். பொருளைக் கண்ணால் பார்க்காமல் காசை நீட்டமாட்டார்.

கடிதம் எழுதுவது என் பொறுப்பு. பள்ளி முடித்துவிட்டு டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்தேன். தெருவில் பாதிப் பேருக்கு நான்தான் மனு எழுதுவேன். அந்தப் பெருமையில், கோட்டு வேண்டும் என்று ஒரு வரியில் முடிக்க வேண்டியதை ஒரு பக்கத்துக்கு எழுதினேன். அக்காவின் உயரம், தோள் அகலம், பிரான்சுப் பயணம், குழந்தைக்கு ஒன்பது மாதம் என்பது வரை.

இரண்டு வாரத்தில் தபால்காரர் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார். வெள்ளைத் துணியில் தைத்து, தையல் நெடுக அரக்கு முத்திரை வைத்த மூட்டை. இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்து அக்கா மலைத்துப்போனாள்.

"அம்பத்தொம்போது ரூவா குடும்மா," என்றார் தபால்காரர்.

"அம்பதுதான? வெளம்பரத்துல போட்டுருக்கே!" என்றேன் நான்.

"எனக்கு வெளம்பரம்லாம் தெரியாது. இதுல எழுதிருக்கறத வாங்கணும், பார்சலக் குடுக்கணும். அவ்ளோதான்."

"பிரிச்சுப் பாத்துட்டுத் தர்றோம்."

"காசு குடுக்காம முத்திரைய ஒடைக்க முடியாதும்மா. இன்னா பண்ணலாம் சொல்லு. ஒரு வாரம் ஆபீஸ்ல இருக்கும். அப்பறம் திரும்பிப் போயிடும்."

"குடுத்துடுடி, ஒம்போது ரூவாதான?" என்றாள் அக்கா. நான் மறுத்துவிட்டேன். பார்சல் திரும்ப சைக்கிளில் ஏறியது.

மறுநாள் தபால் ஆபீசுக்கே போனேன். அங்கிருந்த குமாஸ்தா பொறுமையான மனிதர். மூட்டையைத் தராசில் வைத்துக் காட்டினார். ஒட்டியிருந்த தபால்தலைகளை வரிசையாக எண்ணிக் காட்டினார். "இதப் பாரும்மா. எடைக்கு உண்டான ஸ்டாம்பு ஒட்டிருக்காங்க. ஒத்த பைசா அதிகமில்ல. யாரும் ஒன்ன ஏமாத்தல."

"ஆனா உட்படன்னு அச்சடிச்சிருக்காங்களே, சார்."

"அது ஒனக்கும் அவங்களுக்கும் உள்ள வழக்கு."

அவர் சொன்னதில் வழக்கு என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். விளம்பரத்தைக் கத்தரித்து ஒட்டி, 'ஐயா' என்று தொடங்கி, ஒரு எக்ஸ்பிரஸ் கடிதம் எழுதினேன். நம்பி வாங்குபவர்களிடம் இப்படிச் செய்வது நியாயமா என்று கேட்டேன். தூரத்தில் இருக்கும் ஏழைகளுக்குக் கேட்க நாதியில்லை என்ற நினைப்போ என்றும் எழுதினேன். முகம் தெரியாத ஒருவரை அப்படித் திட்டுவதில் எனக்கு அன்று ஒரு சுகம் இருந்தது, மறைப்பதற்கில்லை.

ஆறாம் நாள் தபால்காரர் அதே மூட்டையோடு வந்தார்.

"செயிச்சிட்டம்மா நீ! அனுப்புனவங்க தொகையக் கொறைக்கச் சொல்லி எழுதிக் குடுத்துருக்காங்க. அதுக்குத் தனியா பீசு வேற கட்டிருக்காங்க. அம்பது குடு, போதும்."

கடிதம் எதுவும் வரவில்லை. பதிலுக்கு ஒரு சொல்கூட இல்லை. ஐம்பதைக் கொடுத்துவிட்டு, அக்காவை ஒரு பார்வை பார்த்தபடி தையலைப் பிரித்தேன்.

தைலமரத்து வாசனை அறையெங்கும் பரவியது. கரும்பச்சை நிறத்தில் கோட்டு. அதைப் போன்ற ஒன்றை நாங்கள் யாரும் தொட்டதே இல்லை. உள்ளே வழுவழுவென்று பட்டுத்துணி, காலரில் ஏதோ ஒரு அந்நிய நாட்டுத் தையல்காரரின் பெயர். அப்பா தையலை விரலால் நீவி, துணியைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இப்பிடி ஒரு நெசவ நான் பாத்ததில்ல," என்றார். முப்பது வருஷம் தறியில் நின்றவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

கோட்டை முழுதாக எடுத்தபோது அதன் மடிப்புக்குள்ளிருந்து இன்னொரு பொட்டலம் விழுந்தது. குழந்தைக்கான கம்பளிச் சட்டைகள் மூன்று. காதை மூடும் குல்லா. கையுறை, கால் முழுக்க ஏறும் காலுறைகள், ஒரு சின்னக் கம்பளி. எல்லாம் துவைத்து, கிழிசல் இருந்த இடத்தில் அதே நிற நூலால் இழையோட்டியிருந்தது. அவற்றுக்கு நடுவே ஒரு தாள்.

'அன்புள்ள தங்கைக்கு, கோட்டு கேட்டிருந்தாய், குழந்தைக்கு ஒன்றும் கேட்கவில்லை. குளிர் முதலில் குழந்தையின் காதையும் காலையும்தான் பிடிக்கும். இவை என் மகன் போட்டவை. இப்போது காலேஜுக்குப் போகிறான். இதற்கு விலை இல்லை. ஆனால் கனம் கூடி, தபால் செலவு ஒன்பது ரூபாய் ஏறிவிட்டது. அதை மட்டும் உன் கணக்கில் சேர்த்திருக்கிறேன். என்னால் தாங்க முடியவில்லை, தப்பாக நினைக்காதே. அக்கா.'

என்னால் தாங்க முடியவில்லை என்று எழுதிய கைதான், என் கடிதத்தைப் படித்த பிறகு, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் அந்த ஒன்பது ரூபாயையும் தாங்கியிருந்தது. பார்சலுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லியிருந்தாலே போதும், நான் அடங்கியிருப்பேன். அதைக்கூடச் சொல்லவில்லை. அச்சில் போட்டது போட்டதுதான் என்று எடுத்துக்கொண்டார். இப்படியும் ஒரு மனுஷி இருக்க முடியுமா என்று நான் பிரமை பிடித்தவள்போல் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

என் அக்கா என்னைத் திட்டவில்லை. குல்லாவைக் குழந்தைக்குப் போட்டுப் பார்த்தாள். அது வேர்த்து வீறிட்டது. "நாளைக்கே மணியார்டர் பண்ணிடுடி," என்றாள், அவ்வளவுதான்.

ஒன்பது ரூபாயோடு அந்தப் பீசையும் சேர்த்து அனுப்பினேன். மணியார்டர் தாளில் சேதி எழுத இருக்கும் சின்ன இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. ஊருக்கெல்லாம் மனு எழுதியவள், 'மன்னித்துவிடுங்கள், அக்கா' என்று இரண்டே சொல் எழுதினேன். பத்து நாளில் ஊட்டி அக்காவிடமிருந்து பதில் வந்தது. தேயிலைத் தோட்டத்துப் பங்களாக்களைக் காலி செய்துகொண்டு போகிறவர்களிடம் பழைய கம்பளிகளை வாங்கிச் சீர்செய்து விற்பதாகவும், எங்கள் ஊர்க் கடலை ஒருமுறை பார்க்க ஆசை என்றும் எழுதியிருந்தார். என் கடிதத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. வாருங்கள் என்று பலமுறை எழுதினேன். அவர் வரவேயில்லை.

ஜனவரியில் அக்கா புறப்பட்டுப் போனாள். பிப்ரவரியில் அவள் கடிதம் வந்தது. பனி முழங்கால்வரை கிடக்கிறதாம். தெருவில் மூச்சு புகையாகப் போகிறதாம். கோட்டுக்குள் குழந்தையை அணைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனாளாம். குழந்தை வெளியே தலையை நீட்டி, விழுகிற பனியைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டே வந்ததாம். மேலே ஃபேன் சுற்ற, பனியன் முதுகில் ஒட்ட, அப்பா சொன்னார்: "அந்த எடத்த இன்னொரு வாட்டி படி."