ஏரிக்கு இரண்டு பேர்

பெரிய மருத்துவமனையின் அடித்தளத்தில் இருந்த சலவைப் பகுதியில் எல்லோரும் அவளை ‘ஆவி’ என்றுதான் கூப்பிட்டார்கள். இருபத்திரண்டு வருடமாக ஒரே இயந்திரத்தின் முன் நின்றவள். ஈரமான படுக்கை விரிப்பின் இரண்டு மூலைகளையும் பிடித்து உதறி, சுழலும் சூடான உருளைகளுக்கு நடுவே கொடுப்பது அவள் வேலை. மறுபக்கம் அது காய்ந்து, சுருக்கமில்லாமல் வெளியே வரும். நீராவி நாள் முழுக்க அவள் முகத்தில் அடித்துக்கொண்டே இருக்கும். காலை ஆறு மணிக்கு அவள் கதவைத் திறந்தால் யாராவது ஒருவர், “ஆவி வந்திருச்சுப்பா, எல்லாரும் பயப்படுங்க” என்பார்கள். தினமும் அதே ஜோக். அவள் ஒருநாளும் சிரித்ததில்லை. கோபித்துக்கொண்டதும் இல்லை.

துணிகளைத் தரம் பிரிக்கிறவள் ஒருநாள் லீவு. அந்த இடத்தில் ஆவியை நிறுத்தினார்கள். நோயாளிகளின் உடைப் பைகளிலிருந்து மூக்குக் கண்ணாடி, பல் செட், பாதி கடித்த பிஸ்கட் என்று எது எதுவோ வரும். அன்றைக்கு நான்காக மடித்த ஒரு விளம்பரத் தாள் வந்தது. கிடைத்த பொருளைப் பெட்டியில் போட வேண்டும், ஒரு மாதம் யாரும் கேட்கவில்லை என்றால் எடுத்தவருக்கே சொந்தம் என்பது அங்கே விதி. வெறும் தாளுக்கு யாரும் அந்த விதியைப் பார்ப்பதில்லை. அவள் பார்த்தாள். பெட்டியில் போட்டுவிட்டு, முப்பத்தோராம் நாள் போய் வாங்கிக்கொண்டாள்.

தாளில் ஒரு கருத்த ஏரி. கரை முழுக்க ஊசியிலை மரங்கள், அவற்றுக்கு முன்னால் மூன்று மரக்குடில்கள், மனித வாடையே இல்லை. வடக்கே, வரைபடத்தில் ஊர்ப் பெயர்கள் எல்லாம் தீர்ந்துபோன பிறகு வரும் இடம். சாலை கிடையாது, தண்ணீரில் இறங்கும் சிறிய விமானம் ஒன்றுதான் வழி. வருடத்தில் பத்து வாரம் மட்டும் திறந்திருக்கும். கோடையிலும் காலையில் பேசினால் வாயிலிருந்து புகை வரும் என்று ஒரு வரி இருந்தது. மதிய இடைவேளையில் அந்த வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தாள்.

கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். பத்தொன்பது வருடம் ஒரே தடத்தில் ஓட்டியவர். விடுமுறை நாளில் பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கீழே மற்றவர்கள் வண்டி ஓட்டுவதைப் பார்ப்பது அவருக்குப் பெரிய சுகம். அவள் தாளைக் காட்டியபோது முழுவதும் படித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

“லீவுன்னா நான் உட்கார்ந்திருக்கிற இடம் நகரக் கூடாது. நீ என்னடான்னா ரயிலு, பஸ்ஸு, பிளேனுன்னு அடுக்குறே.”

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. அவர் கெட்டவர் இல்லை. அவள் போவதையும் தடுக்கவில்லை. தான் வரமாட்டேன் என்று மட்டும் சொன்னார்.

அவள் குடில்காரருக்கு எழுதிக் கேட்டாள். பதில் ஒரு வாரம் கழித்து வந்தது. கரடி உண்டு, மின்சாரம் இல்லை, கொசு நிறைய, வாருங்கள் என்று நான்கே சொற்றொடர். அந்த மனிதரை அவளுக்குப் பிடித்துப்போனது. கீழே ஒரு நிபந்தனையும் இருந்தது. தனியாக யாரையும் ஏற்பதில்லை, ஒரு குடிலுக்குக் குறைந்தது இரண்டு பேர். காலை உடைத்துக்கொண்டால் போய்ச் சொல்ல இன்னொருவர் வேண்டுமாம்.

இரண்டாவது ஆளைத் தேடுவதில் ஒரு வருடம் போனது. இயந்திரத்தின் மறுபக்கம் நின்று மடிக்கிற தோழிக்கு முழங்கால் வலி. வேறொரு நகரத்தில் வேலை பார்க்கும் மகள், கடற்கரைக்கென்றால் வருகிறேன் என்றாள். கீழ்வீட்டுக்காரி கரடி என்ற வார்த்தையோடு பேச்சை முடித்துக்கொண்டாள். ஆவி யாரையும் இரண்டாம் முறை கேட்கவில்லை. ஆனாலும் திட்டத்தை விடவில்லை. நூலகத்திலிருந்து வரைபடம் எடுத்து வந்தாள். விறகடுப்பு மூட்டுவது எப்படி என்று படித்தாள். மழைக்கோட்டு ஒன்று வாங்கி, குளியலறையில் அதைப் போட்டுக்கொண்டு ஷவருக்கடியில் நின்று பார்த்தாள். தோள் தையல் வழியாகத் தண்ணீர் இறங்கியது. கடையில் கொடுத்து மாற்றிக்கொண்டாள்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவரின் அக்கா வீட்டில் சாப்பாடு. அறுபத்திரண்டு வயதான அந்த நாத்தனார் ஒரு பள்ளி அலுவலகத்தில் வருகைப் பதிவேடு எழுதி ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆவி அவரை ‘அண்ணி’ என்று கூப்பிடுவாள். அதற்கு மேல் இருவருக்கும் பேச ஒன்றும் இருந்ததில்லை. பல வருடங்களுக்கு முன்னால் ஏதோ சொல்லி, ஏதோ கேட்டு, பிறகு இருவருமே பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். அது என்ன சங்கதி என்பது கணவருக்குக்கூட மறந்துவிட்டது.

அந்த ஞாயிறு கணவர் சாப்பாட்டுக்கு நடுவே, இவள் காசு கொடுத்துக் கொசுக்கடி வாங்கப் போகிறாள், கூட வர ஒரு பைத்தியம் கிடைக்கவில்லை என்று சொல்லிச் சிரித்தார். அண்ணி தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

“எந்த மாசம்?” என்று கேட்டார்.

ஆகஸ்ட் என்றாள் ஆவி.

“சரி, நான் வர்றேன்.”

அண்ணியோடு ஆறு நாள் ஒரே அறையில் இருப்பதற்குக் கரடியோடு இருந்துவிடலாம் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. ஆனால் விதி இரண்டு பேர் என்றது.

அண்ணி ஒரு நோட்டில் கோடு போட்டுக்கொண்டு வந்து நின்றார். என்ன பொருள், யார் எடுத்து வருவது, எந்தப் பையில், வந்ததா இல்லையா. வராத பொருளுக்கு நேரே சிவப்பு மையில் ஒரு வட்டம். தீப்பெட்டியை இரண்டு இடத்தில் வைக்க வேண்டும் என்பார். அலாரம் கடிகாரம் கட்டாயம் என்பார். ஆவிக்குக் கோபம் வந்தது. காலை நாலரைக்கு எழுந்து எழுந்து அலுத்தவள் அவள். கடிகாரம் வந்தால் நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அண்ணி கடிகாரம் என்ற வரியைக் கோடு போட்டு அடித்தார். நோட்டில் அவர் அடித்த ஒரே வரி அதுதான்.

அந்தச் சிறிய விமானம் குறிப்பிட்ட எடைதான் தூக்கும். பயணிகள் பையின் எடையோடு உடம்பின் எடையையும் முன்கூட்டியே எழுதி அனுப்ப வேண்டும். சலவைப் பகுதியில் துணி மூட்டை நிறுக்கும் தராசு இருந்தது. மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு, வேலை இல்லாத ஒரு சனிக்கிழமை மதியம் அண்ணியை அழைத்துப் போனாள். நிறுத்தி வைத்த உருளைகளையும் வெள்ளை மூட்டைகளையும் அண்ணி சுற்றிப் பார்த்தார். நீ இங்கேதான் நிற்பாயா என்று கேட்டார். ஆமாம் என்றாள். அவள் வேலை செய்யும் இடத்தை அவர் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தார்.

எடை என்று வந்ததும் அண்ணி ஒரு நிபந்தனை போட்டார். “நான் கண்ணை மூடிக்கிறேன். நீ பார்த்து எழுதிக்கோ. எங்கிட்டயும் சொல்லாதே, என் தம்பிகிட்டயும் சொல்லாதே.”

அவர் கையில் பையோடு கண்ணை மூடிக்கொண்டு ஏறி நின்றார். முள் ஐம்பதில் நின்றது. பையைத் தனியாக வைத்துப் பார்த்தாள். பன்னிரண்டு. ஆவி கணக்கை இரண்டு தடவை போட்டாள். ஈரத் துணியைக் கையால் தூக்கியே எடை சொல்லக்கூடியவள் அவள். அண்ணியின் பெரிய குரலும் தொளதொள உடைகளும் தன்னை இத்தனை நாள் ஏமாற்றியிருப்பது அவளுக்குப் புரிந்தது.

“அண்ணி, வீட்டுல சமைக்கிறீங்களா இல்லையா?”

அண்ணி கண்ணைத் திறந்தார். “மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை சமைக்கிறேனே” என்றார். மற்ற நாள் ரொட்டியும் தேநீருமாம். ஒருத்திக்காக அடுப்பு மூட்டினால் பாத்திரம் கழுவத்தான் நேரம் சரியாக இருக்கிறதாம்.

ஆவி வாக்குவாதம் செய்யவில்லை. திட்டம் போட நேரம் போதவில்லை, சாயங்காலம் நம் வீட்டுக்கே வந்துவிடுங்கள் என்றாள். அண்ணி தினமும் ஆறரைக்கு நோட்டோடு வந்தார். நோட்டை ஓரமாக வைத்துச் சாப்பிட்டுவிட்டு, பிறகு கோடு போட்டார். கணவருக்கு விஷயம் புரிய இரண்டு வாரம் ஆனது. புரிந்த பிறகு தினமும் மாலையில் மூன்றாவது நாற்காலியை அவரே எடுத்துப் போட்டார். கிளம்பும் முன் மறுபடி நிறுத்தபோது அண்ணி இரண்டரைக் கிலோ ஏறியிருந்தார். விமானக்காரருக்குப் புது எடையை எழுதி அனுப்பினாள்.

ஆகஸ்டில் கிளம்பினார்கள். ரயிலில் ஒரு நாள், பேருந்தில் அரை நாள். விமானம் கிளம்பும் துறையில் மூடுபனி. இரண்டு நாள் விமானம் எழும்பவில்லை. தகரக் கூரை போட்ட காத்திருப்பு அறையில் இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து, வெள்ளையாக இருந்த ஜன்னலைப் பார்த்தார்கள். ஆறு நாளில் இரண்டு அங்கேயே போனது. மூன்றாம் நாள் பனி விலகி, விமானம் அவர்களை ஏரியில் இறக்கியது. தாளில் இருந்த படம் பொய் சொல்லவில்லை. குடில்காரரின் கடிதமும் கொசு விஷயத்தில் பொய் சொல்லவில்லை.

முதல் நாள் ஆவி தூங்கினாள். பதினாலு மணி நேரம். எழுந்து வெளியே வந்து, வாயைத் திறந்து மூச்சு விட்டுப் பார்த்தாள். புகை வந்தது. உருளையிலிருந்து வருவது போல இல்லை. கொஞ்சம் நின்று அது கலைவதைப் பார்த்தாள்.

இரண்டாம் நாள் மதியம் அண்ணி கரையோரமாக நடந்துவிட்டு வருகிறேன் என்று போனார். ஒரு மணி நேரத்தில் வருவதாகச் சொன்னவர் இரண்டரை மணி நேரமாகியும் வரவில்லை. ஆவி ஒரு பாத்திரத்தைக் கரண்டியால் தட்டிக்கொண்டே கரையில் நடந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் இல்லாததால் “அண்ணி, அண்ணி” என்று கத்தினாள். தொண்டை கட்டும் நேரத்தில், ஒரு வளைவுக்குப் பின்னால் பாறைமேல் அண்ணி உட்கார்ந்திருந்தார். எதிரே நாணலுக்குள்ளிருந்து ஒரு பெரிய கொம்பு மான், இவள் தட்டிய சத்தத்தில் மிரண்டு, தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டு மரங்களுக்குள் ஓடியது.

“நீ கூப்பிட்டது கேட்டுச்சு. பதில் சொன்னா அது ஓடிருமேன்னு சும்மா இருந்தேன். இப்ப பாரு, ஓடிருச்சு.”

ஆவி பாத்திரத்தைக் கீழே போட்டாள்.

“மான் ஓடினா ஓடட்டும். உங்களை எங்கேன்னு தேடுவேன்? உங்க தம்பிக்கு என்ன பதில் சொல்லுவேன்? மனுஷி கத்துறது கேக்குது, வாயைத் திறந்தா முத்தா கொட்டிரும்?”

பேச்சு அதோடு நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் உப்பு இருக்காது என்பதிலிருந்து, இருபத்துநாலு வருடமாக வீட்டுக்கு வந்தால் முதலில் ஜன்னல் கம்பியில் விரலால் தூசி பார்ப்பது வரை எல்லாம் வந்தது. கேட்பதற்கு ஏரியைத் தவிர வேறு யாரும் இல்லை. அண்ணி முழுவதையும் உட்கார்ந்து கேட்டார். முடிந்ததும் பாறையிலிருந்து இறங்கி, விழுந்த பாத்திரத்தை எடுத்துக்கொண்டார்.

“உப்பு விஷயம் சொல்லிருக்கலாம். டாக்டர் எனக்குக் குறைக்கச் சொன்னாரு, அதான். உங்களுக்குத் தனியா போட்டிருப்பேன்.”

இருவரும் முன்னும் பின்னுமாக நடந்து குடிலுக்குத் திரும்பினார்கள். அன்று அடுப்பை அண்ணி மூட்டினார். பற்றவைக்க நாலு குச்சி ஆனது. ஆவி குறை சொல்லவில்லை. மிச்சமிருந்த இரண்டு நாளும் அவர்கள் பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் அண்ணி நடக்கப் போகும்போது எந்தப் பக்கம் என்று சொல்லிவிட்டுப் போனார். கரடி வரவே இல்லை.

ஊர் திரும்பிய மறுநாள் ஆவி ஆறு மணிக்கு வேலைக்குப் போனாள். எல்லோரும் படம் காட்டச் சொன்னார்கள். ஒன்பது படம் இருந்தது. நாலு வெறும் பனி, மூன்றில் அண்ணியின் கட்டைவிரல். கரடி பார்த்தாயா என்று மேற்பார்வையாளர் கேட்டார். இல்லை என்றாள். இவ்வளவு தூரம் போய் என்னதான் செய்தாய் என்று தோழி கேட்டபோது, தூங்கினேன் என்றாள். அதில் பொய் இல்லை என்பதால் அதற்கு மேல் யாரும் துருவவில்லை.

கணவர் அக்காவிடம் தனியாகக் கேட்டுப் பார்த்திருக்கிறார். அண்ணி, உன் பெண்டாட்டிக்கு நல்ல தொண்டை என்று மட்டும் சொன்னாராம். கணவர் அது பாராட்டா குறையா என்று தெரியாமல் அவளிடம் வந்து சொன்னார். அவள் உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அண்ணி ஆறரைக்கு வந்துவிடுவார், நாற்காலியைப் போடுங்கள் என்றாள்.