தூங்க வைத்த கடிகாரம்

முள் பொய் சொல்லாது. அப்படியானால் பொய் சொல்வது யார்? வேலப்பனா, நானா?

அன்று பிற்பகல் என் மனசுக்குள் ஓடியது இதுதான். வாய்விட்டுச் சொல்லவில்லை. இத்தனை வருஷம் கழித்து எழுதுகிறேன். நம்பாதவர்களோடு எனக்கு வழக்கில்லை. அந்தத் தாள் இன்னும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

1969 ஆகஸ்ட், ஒரு வெள்ளிக்கிழமை. ராயபுரத்தில் இறால் உறைய வைக்கும் ஒரு கம்பெனியில் நான் குமாஸ்தா. சேர்ந்து பதினோரு வாரம். அடுத்த வாரம் மேனேஜர் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். அப்பாவுக்குத் துறைமுக வேலை போய் ஆறு மாதம். வீட்டில் ஐந்து பேர் என்னைத்தான் நம்பியிருந்தார்கள்.

குளிர் அறைக்குள் சுவரில் ஒரு செம்புக் குமிழ். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வெளியே வந்து, கதவுக்குப் பக்கத்தில் என் மேஜைக்கு மேலிருக்கும் கருவியில் மைமுள்ளை அசைக்கும். முள்ளுக்கு அடியில் வட்டத் தாள். அதைச் சுற்றுவது சாவி கொடுக்கும் கடிகாரம். சூடு ஏறினால் முள் ஏறும். எத்தனை மணிக்கு ஏறியது என்பதைக் கடிகாரம்தான் காட்டும்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. கரண்டு போனால் கடிகாரத்தின் பித்தளைக் கைப்பிடியைத் தள்ளி அதை நிறுத்திவிடுவோம். அறை மறுபடி குளிர்ந்ததும் தாளைச் சரியான மணிக்குத் திருப்பி ஓட விட்டு, விட்டுப்போன கோட்டைக் கையால் இழுத்து நிரப்பிவிடுவோம். இறால் வாங்குகிறவன் பார்ப்பது நல்ல நேர்கோடு. இதற்குப் பெயர் 'தூங்க வைப்பது'. நானும் இரண்டு தடவை தூங்க வைத்திருக்கிறேன். கடிகாரம் தூங்கும்போது யாரும் முள்ளைப் பார்ப்பதில்லை.

2.10க்குக் கரண்டு போனது. ஆபீஸ் அறையிலிருந்து மேனேஜரின் குரல்.

"டோரதி, தூங்க வைம்மா."

கைப்பிடியைத் தள்ளினேன். டிக் டிக் நின்றது.

2.48. தற்செயலாக நிமிர்ந்தேன். முள் அசைந்தது.

கரண்டு இல்லையென்றால் முள் மெல்லத்தான் ஏறும். இது சட்டென்று ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது. ஓடாத தாளில், ஒரே கோட்டின் மேல்.

கம்ப்ரஸர் பார்க்கும் வேலப்பன் வாசலில் பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உள்ளே யாராவது இருக்காங்களா?"

"இறாலு கீது. இன்னா, பேர் சொல்லி கூப்டுதா உன்னை?"

சிரித்துக்கொண்டே வந்தவர், முள்ளைப் பார்த்ததும் பீடியைக் கீழே போட்டு மிதித்தார். சிரிப்பு இல்லை. எனக்கு அப்போதே சந்தேகம். புதுப் பெண்ணைப் பயமுறுத்த ஏதோ செய்து வைத்திருக்கிறார். மாட்டிக்கொண்ட பயம் இல்லையென்றால் ஏன் முகம் வெளுக்க வேண்டும்?

"திறங்க," என்றேன்.

வெளிப்பூட்டைத் திறந்தார். அப்புறம் ஒரு மரப்பெட்டியை இழுத்து வந்து கதவிடுக்கில் வைத்தார்.

"இது எதுக்கு?"

"இர்க்கட்டும்."

அவரை முள்ளுக்கு முன்னால் நிற்க வைத்துவிட்டு, டார்ச்சுடன் நான் மட்டும் உள்ளே போனேன். யாரும் இல்லை. சுவர், கூரை, பெட்டிகள், எல்லாம் பனி பூத்து வெள்ளையாக இருந்தன. செம்புக் குமிழில் மட்டும் பனி இல்லை. ஈரமாக மின்னியது.

உள்ளங்கையால் அதைப் பொத்திப் பிடித்தேன்.

"ஏறுது தங்கச்சி," என்று வெளியே வேலப்பன். "மின்னாடி ஏறுன அதே அளவு."

அதே அளவு... ஒரு உள்ளங்கை அளவு.

கையை எடுத்தேன்.

"இறங்கிச்சா?"

டார்ச்சைக் கதவுப் பக்கம் திருப்பினேன்.

"அண்ணே?"

"எறங்கல... நீ கைய எட்த்துட்டியா?"

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது.

3.04.

டிக்... டிக்... டிக்...

கடிகாரம் ஓடியது. கைப்பிடி தள்ளிய இடத்திலேயே இருந்தது. வேலப்பனின் இரண்டு கைகளும் அவர் தலைமேல்.

தாள் நகர்ந்தது. முள் எழுதியது.

ஏற்றம். இறக்கம். ஏற்றம்.

ஒவ்வொரு ஏற்றமும் முந்தியதைவிடச் சின்னது...

3.36. முள் விழுந்தது.

டிக்...

நின்றது.

3.50க்குக் கரண்டு வந்தது. எனக்கு வேலப்பன் மேல் சந்தேகம் தீரவில்லை. அலமாரியிலிருந்து பழைய தாள்களை இறக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். போன வருஷம் ஆகஸ்டில் ஒரு தாள். அதில் ஓரிடத்தில் முள் ஒரே கோட்டின் மேல் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, காகிதமே கிழிந்திருந்தது.

அதை அவர் முன் வைத்தேன். தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"கஸ்பாரு. என்னோட வேல பாத்தவன். அந்தக் குமிழ மாட்னதே அவன்தான். கைல புட்ச்சா வெளிய முள்ளு ஏறும்னு அவனுக்குத் தெரியும். யார்னா பாப்பாங்கன்னு புட்ச்சிக்கினே இருந்துகீறான்."

"யாரும் பாக்கலையா?"

"கடியாரம் தூங்கிக்கினு இருந்திச்சே. அன்னிக்கும் கரண்டு இல்ல. எல்லாம் டீ குடிக்கப் பூட்டோம்."

"கதவைப் பூட்டினது யார்?"

கையிலிருந்த சாவியைத் தரையில் வைத்தார்.

"உள்ள ஆள் இல்லன்னு நெனச்சேன் தங்கச்சி."

திறந்தபோது கஸ்பாரின் கை குமிழோடு ஒட்டியிருந்ததாம். ஐந்தே நிமிஷம்தான் உள்ளே இருந்தார், நெஞ்சுவலியில் செத்துப்போனார் என்று அவர் மனைவி சிலுவையம்மாளிடம் கம்பெனி சொல்லியிருக்கிறது. இல்லையென்று காட்ட அந்தத் தாளில் நேரம் இல்லை.

என் தாளில் இருந்தது. முப்பத்திரண்டு நிமிஷம்.

அதை மடித்து டிபன் பையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் சனிக்கிழமை. 11.20க்குக் கரண்டு போனது. இந்தத் தடவை மேனேஜர் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார்.

"உன் ஆர்டர் என் மேஜை மேலதான் இருக்கு. அடுத்த வாரம் எதுக்கு, இன்னிக்குச் சாயங்காலமே கையெழுத்துப் போட்டுடறேன். தூங்க வைம்மா."

முள்ளைப் பார்த்தேன். ஏறத் தொடங்கியிருந்தது.

கைகளை மடியில் வைத்துக்கொண்டேன்.

"வேண்டாம் சார். அது முழிச்சிருக்கட்டும்."