குழாய் பார்க்கக் கொடுத்த சீர்

எங்கள் தெருவில் புருல்சாவுக்கு அடங்காதவள் என்று பேர். அடங்கி இருந்தவர்கள் என்னத்தைக் கிழித்தோம் என்று நான் கேட்பேன்.

புருஷன் ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போய் அங்கேயே வேறு குடும்பம் பண்ணிக்கொண்டான். இவள் அரசு பாலர் பள்ளியில் சமைத்து இரண்டு பெண்களை வளர்த்தாள். தெருவில் குழாய் கிடையாது, வாய்க்கால் தண்ணீர்தான். போன கோடையில் சின்னவளுக்கு மஞ்சள் காமாலை வந்து, பிழைத்ததே பெரிய காரியம். அன்றிலிருந்து குழாய் வராமல் விடுவதில்லை என்று நின்றாள்.

மனுவோடு போனால் ஊர்த்தலைவர் சக்தன்பெக் சிரித்தார். "உங்க தெருவுக்குத்தான் குழாய் போட்டாச்சேம்மா!"

செலவையெல்லாம் மக்கள் பார்க்க இணையத்தில் போடுவோம் என்று அரசாங்கம் வாக்குக் கொடுத்து, போட்டும் வந்தது. அதில் எங்கள் தெருக் குழாய்க்கு நேராக ‘முடிந்தது’ என்று இருந்தது.

அந்த வாக்குறுதியைப் பற்றிப் பேச எங்கள் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து ஓர் அதிகாரிப் பெண் வந்த அன்று, மண்டபம் நிறைந்திருந்தது. ஆண்களுக்கு மரியாதையாகக் கொடுக்கிற புது வெள்ளைத் தொப்பி ஒன்றைக் கையில் ஏந்தி மேடையேறினாள் புருல்சா. புது மருமகளானாலும் புதுக் குழந்தையானாலும் நாங்கள் வெறுங்கையோடு பார்க்க மாட்டோம். சீர் கொடுத்துத்தான் பார்ப்போம். வாங்கியவர் காட்டியே ஆக வேண்டும்.

"புதுக் குழாய் பாக்கறதுக்குச் சீர், அண்ணே."

நீட்டிய வெள்ளைத் தொப்பியை மறுக்கிற கிர்கிஸ்காரன் இன்னும் பிறக்கவில்லை. சக்தன்பெக் பழக்கதோஷத்தில் இரண்டு கையாலும் வாங்கித் தலையிலும் வைத்துக்கொண்டார்.

"வாங்கியாச்சுல்ல? நடங்க, காட்டுங்க."

மண்டபமே எழுந்தது. அதிகாரிப் பெண்ணும் கூடவே வந்தாள். தெருவில் புழுதிதான் இருந்தது.

"குழாய் மண்ணுக்கடியில இருக்கு," என்று முணுமுணுத்தார் தலைவர்.

வேலியில் சாய்ந்திருந்த மண்வெட்டியை எடுத்து அவர் கையில் திணித்தாள் புருல்சா. "தோண்டுங்கண்ணே."

"பாத்துக் குனிங்க தலைவரே, தொப்பி விழுந்துடப் போவுது!" என்று யாரோ கத்த, தெருவே சிரித்தது.

அவர் குரலைத் தாழ்த்தினார். "உன் வேலை என்னாகும்னு யோசிச்சியா?"

"யோசிச்சுட்டுத்தான் தொப்பி வாங்குனேன்."

அவர் தோண்டவில்லை. அதிகாரிப் பெண் தெருவைப் படமெடுத்துக்கொண்டு போனாள்.

அந்த வாரமே புருல்சாவின் வேலை போயிற்று. இணையத்தில் ‘முடிந்தது’ போய் ‘தொடங்கவில்லை’ என்று வந்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"வேலையும் போச்சு, தண்ணியும் வரல. என்னத்தடி சாதிச்ச?"

அவள் மாவட்ட அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"இத்தன நாளா நம்ம தெருவுல குழாய் இருந்துச்சுக்கா. இருக்கறத எப்படிப் போய்க் கேக்கறது? இப்ப இல்லேன்னு அவங்களே சொல்லிட்டாங்க. இனிமே எவன் என் வாய அடைக்கிறான்னு பாக்கறேன்!"