கிராம்புத் தண்ணீரில் தூங்கும் மீன்கள்

மீன் தூங்கும்போது கண்ணை மூடாது. இதை எனக்குச் சொன்னவள் காவேரி. மீன் வாடையே படாத வீட்டில் வளர்ந்தவள், இப்போது மீனைத் தூங்க வைப்பதைப் பற்றி ஒரு பொழுது முழுக்கப் பேசுவாள். கிராம்புத் தைலம் கலந்த தொட்டியில் விட்டால் குஞ்சுகள் முதலில் திக்குத் தெரியாமல் அலையுமாம். பிறகு ஒவ்வொன்றாகச் சாயுமாம். பக்கவாட்டில் படுத்து, கண்ணைத் திறந்தபடியே, எங்கோ போய்விடுமாம். எங்கேதான் போகும் என்று கேட்டேன்.

"தெரியலக்கா. ஆனா நல்ல எடமாத்தான் இருக்கணும். எழுப்பி விட்டா கூட கொஞ்ச நேரம் அங்கயே நெனப்பா இருக்குதுங்க" என்றாள்.

காவேரி எனக்குத் தங்கை முறை. பிள்ளையார்பாளையத்தில் அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இரண்டு பக்கமும் பட்டுத் தறி, இரண்டு பக்கமும் சுத்த சைவம். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பகல் கனவுப் புத்தி. கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் திரும்பிப் பார்ப்பாள். ஆனால் மனசு எங்கே போனாலும் கை மட்டும் வேலையிலேயே இருக்கும். பாவு பிணைப்பதில் எங்கள் தெருவில் அவளுக்கு ஈடு கிடையாது. தறியில் நீளவாட்டில் ஓடித் தீரப்போகிற பாவு நூலின் ஒவ்வோர் இழையோடும் புதுப் பாவின் இழையை வைத்து முறுக்கிச் சேர்க்கிற வேலை அது. ஆயிரக்கணக்கான இழைகள். பட்டு வழுக்கும் என்பதால் விரலில் துளி சாம்பல் தொட்டுக்கொள்வோம். அவள் பாட்டுக்குச் சாம்பலைத் தொடுவாள், முறுக்குவாள், தொடுவாள், முறுக்குவாள். கண் வேறு எங்கோ இருக்கும்.

அவள் தென்னேரி இளவரசனை விரும்பிக் கட்டிக்கொண்டபோது எங்கள் தெருவே மூக்கைப் பிடித்தது. அவன் விவசாயக் குடும்பம். ஏரியை ஒட்டிய நிலத்தில் குளம் வெட்டி ஜிலேபி மீன் வளர்த்துக்கொண்டிருந்தான். மீன்காரன் வீட்டுக்கா பெண்ணைக் கொடுப்பது என்று பேசியவர்களில் பாதிப் பேர் வாலாஜாபாத் பக்கம் போனால் வறுத்த மீன் சாப்பிடாமல் திரும்ப மாட்டார்கள். எனக்குத் தெரியும், நான் பார்த்திருக்கிறேன். சொல்லி என்ன பயன் என்று விட்டுவிட்டேன். பெற்றவர்கள் போக்குவரத்தை நிறுத்தினார்கள். நான் மட்டும் ஷேர் ஆட்டோ பிடித்துப் போய் வந்தேன்.

மாமியார் காந்தா கெட்டவள் இல்லை. நீ திங்க வேணாம், தொட வேணாம் என்று சொல்லி, மருமகளுக்குத் தனிப் பாத்திரமே கொடுத்துவிட்டாள். பின்கட்டில் மீன் கழுவ உட்கார்ந்தால் காவேரி எழுந்து குளத்தங்கரைக்குப் போய்விடுவாள். காந்தாவுக்கு அதில் உள்ளுக்குள் ஒரு குறை இருந்தது, வாய்விட்டுச் சொன்னதில்லை. காவேரியோ கரையில் உட்கார்ந்து, தண்ணீரில் வானம் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மீன்கள் மேலே வந்து வாய் வைத்துப் போகும். சின்னச் சின்ன வட்டங்கள் எழுந்து ஒன்றுக்குள் ஒன்று கரையும். பிறந்த வீட்டை நினைத்து அழ வேண்டியவள் அந்த வட்டங்களைப் பார்த்து அழ மறந்தாள். அந்தக் குளம் இல்லையென்றால் அவள் அந்த ஊரில் நிலைத்திருக்க மாட்டாள் என்பது என் எண்ணம்.

போன வருஷக் கோடையில் மீன்களுக்கு நோவு வந்தது. கண் பிதுங்கி, பம்பரமாகச் சுற்றிச் சுற்றி மிதந்தன. ஒரு வாரத்தில் குளம் காலி. இளவரசன் குழி தோண்டிக் கொட்டி மூடினான். அவன் மனசு விட்டுப்போயிற்று. குளத்தைத் தூர்த்துவிட்டு ஒரகடத்தில் ஏதாவது கம்பெனி வேலைக்குப் போவது என்று முடிவு செய்தான். காந்தாவும் அதுதான் சரி என்றாள். காவேரி மட்டும் இன்னும் ஒரே ஒரு தடவை என்று கெஞ்சினாள். மீனுக்கும் தடுப்பூசி இருக்கிறது என்று யாரோ சொல்லக் கேட்டு, மீன் டாக்டர் எஸ்தரை வீட்டுக்கே வரவழைத்தாள். சரி, இதுவும் கைவிட்டால் குளத்தை மூடிவிடுவேன், அப்புறம் ஒரு பேச்சு பேசக் கூடாது என்று இளவரசன் ஒத்துக்கொண்டான்.

தை மாதத்து வெயில் இதமாக இருந்த ஒரு நாள் எஸ்தர் ஐஸ் பெட்டியில் மருந்தோடு வந்தார். புதிதாக வாங்கி வந்திருந்த விரல் நீளக் குஞ்சுகளைத் தூங்க வைக்க வேண்டும், வயிற்றில் மெல்லக் குத்த வேண்டும், நல்ல தண்ணீரில் விட்டு எழுப்ப வேண்டும். மீனின் மேலிருக்கிற வழவழப்புதான் அதற்குக் காவல், அது போனால் எந்தக் கிருமியும் புகுந்துவிடும், அதனால் ஈரக் கையுறையோடு லேசாகப் பிடியுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னார். காவேரியின் விரல்களில் இருந்த லாவகத்தைப் பார்த்தவர் ஊசியை அவளிடமே கொடுத்தார். காலையில் குத்திய மீன்களைக் குளத்திலேயே கட்டியிருந்த ஒரு வலைக் கூண்டில் விட்டார்கள்.

மதியம் எஸ்தர் பக்கத்து ஊருக்கு வேறு வேலையாகப் போனார். கிராம்பு வாசனை குளத்தங்கரைக் கொட்டகை முழுக்க நின்றது. ஏரிக் காற்று வந்துகொண்டே இருந்தது. தூங்குகிற மீனைக் கையில் ஏந்தி ஏந்தி, தானும் பாதி தூக்கத்தில் இருந்ததாகக் காவேரி சொல்வாள். பிறந்த வீட்டு நடையில் தறி ஓடுகிற சத்தம் கேட்டதாம். தான் உட்கார்ந்திருப்பது எந்த வீடு என்பதே குழம்பிப்போயிற்றாம். கையுறை தொளதொளவென்று இருந்ததால் எப்போதோ கழற்றிப் போட்டிருந்தாள். மீன் வழுக்கியது. டீ வைத்த அடுப்பு பக்கத்திலேயே இருந்தது. அவள் விரல் தானாகப் போய்ச் சாம்பலைத் தொட்டது. அப்புறம் ஒரு மீன்கூட நழுவவில்லை. மாலைக்குள் இரண்டாவது கூண்டு நிறைந்தது.

சில நாளில் அந்த இரண்டாவது கூண்டில் மீன்கள் செத்து மிதந்தன. உடம்பில் பஞ்சு ஒட்டியது போல வெள்ளை வெள்ளையாக இருந்தது. ஊசியே எமனாகிவிட்டது என்று இளவரசன் கத்தினான். எஸ்தர் போனில், மருந்தால் இப்படி வராதே, நான் வந்து பார்க்கும்வரை பொறுங்கள் என்றார். அவன் பொறுக்கவில்லை. மறுநாளே வரச் சொல்லி ஜேசிபிக்காரனிடம் பேசிவிட்டான்.

அன்று காந்தா பின்கட்டில் ஏரி மீன் கழுவ உட்கார்ந்தாள். காவேரி வழக்கம்போல எழுந்தாள், ஆனால் சாகப்போகிற குளத்தைப் பார்க்கிற தெம்பு அவளுக்கு இல்லை. கால் போகாமல் அங்கேயே கதவில் சாய்ந்து நின்றாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து முதல் தடவையாக மீன் கழுவுவதைப் பார்த்தாள். காந்தா அடுப்பிலிருந்து ஒரு பிடி சாம்பலை அள்ளி மீன் மேல் போட்டுத் தேய்த்தாள்.

"சாம்பல் எதுக்கு அத்தே?"

"இது கூடத் தெரியாதாம்மா? சாம்பல் போட்டாத்தான் மேல இருக்கிற வழவழப்பு போவும்."

மீன் தின்கிற வீட்டில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். காவேரி தன் விரல்களைப் பார்த்தாள். பேசாமல் இருந்துவிட்டால் பழி மருந்தோடு போய்விடும், அவளை யாரும் ஒரு சொல் சொல்ல மாட்டார்கள். குளம் மட்டும் இருக்காது. சொன்னால், மீன் தொடாத சைவக்காரி வந்து மீனைக் கொன்றாள் என்று ஊரே சொல்லும். அதெல்லாம் யோசித்தாயாடி என்று நான் பிறகு கேட்டபோது, குளத்தில் வானம் இருக்காதே என்று மட்டும்தான் நினைத்தேன் என்றாள். எனக்குக் கோபமும் வந்தது, கண்ணும் கலங்கியது.

இளவரசன் வந்ததும் அவன் எதிரில் போய் நின்றாள்.

"ஊசி இல்லீங்க. என் கைதான். சாம்பல் தொட்டுக்கினு புடிச்சேன்."

காந்தா சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை.

"நாங்க மீன் கழுவுறப்பல்லாம் நீ எழுந்து பூட்டா, உனக்கு எப்படிமா தெரியும்?" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து உள்ளே வைத்திருந்த குறை அந்த ஒரு வரியில் வெளியே வந்துவிட்டது. இளவரசன் போய் முதல் கூண்டைத் தூக்கிப் பார்த்தான். காலையில் குத்திய மீன்கள் அத்தனையும் துள்ளின. போனை எடுத்து ஜேசிபி வேண்டாம் என்று சொன்னான்.

சித்திரையில் வெயில் கொளுத்தியது. சுற்று வட்டாரக் குளங்களில் மறுபடியும் மீன்கள் கண் பிதுங்கிச் சுற்றின. இவர்கள் குளத்தில் மட்டும் சின்னச் சின்ன வட்டங்கள் எழுந்துகொண்டே இருந்தன. காவேரி கரையை விட்டு நகரவில்லை. எல்லாம் பிழைத்துவிட்டன என்கிற சந்தோஷத்தில், பிழைத்தது எதற்காக என்பதையே மறந்திருந்தாள். அவளைச் சொல்ல என்ன இருக்கிறது, எனக்கும்தான் தோன்றவில்லை.

ஆடி பிறக்குமுன் வலை போட்டார்கள். அன்று நானும் போயிருந்தேன். வலை சுருங்கச் சுருங்க, அவள் கையில் தூங்கியவை எல்லாம் வெள்ளியாகத் துள்ளிக்கொண்டு கரையேறின. பெட்டியில் ஐஸ் கொட்டினார்கள், அதன்மேல் மீனைக் கொட்டினார்கள். இந்தத் தூக்கத்திலிருந்து எழுப்ப ஆள் இல்லை. நீ உள்ளே போய்விடு என்று நான் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் வரவில்லை. முழங்கால் தண்ணீரில் இறங்கி வலையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது. கை வலையை விடவில்லை. அடுத்த குஞ்சு எப்போது விடுவது என்று இளவரசனிடம் கேட்டாள்.

முதல் மீன் வீட்டுக் குழம்புக்கு என்பது அந்த வீட்டு வழக்கம். பெரியதாக ஒன்றை எடுத்துக்கொண்டு காந்தா முன்னாலேயே போயிருந்தாள். நாங்கள் ஈரப் புடவையோடு உள்ளே நுழைந்தபோது மீன் வாடையே இல்லை. முதல் மீனைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, முருங்கைக்காய் சாம்பார் வைத்திருந்தாள். எல்லோருக்கும் அதுதான், இளவரசனுக்கும் அதுதான். காவேரிக்குப் பரிமாறிவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"அழுதுக்கினே துன்னாதமா, உப்பு ஜாஸ்தியாப் பூடும்" என்றாள்.

அதன் பிறகுதான் காவேரி சத்தம் போட்டு அழுதாள்.